மழைச்சோற்றுப் பாட்டின் துண்டுகள்

பெரியவளே, சின்னவனே,

மாடிப்படிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஏன் யாரும் அணைப்பதே இல்லை என்று நீங்கள் இருவரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். "அதுல கேமும் இல்ல, படமும் இல்ல, சும்மா ஓடிகினே கெடக்குது" என்பான் சின்னவன். பெரியவள் பள்ளியில் மின்சாரச் சிக்கனம் பற்றிக் கட்டுரை எழுதிய வாரத்தில் நேராகப் போய் சுவிட்சிலேயே கை வைத்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் அவள் கை தானாகப் பின்னால் போனது. காரணத்தை அப்புறம் சொல்கிறேன் என்றேன். இதுதான் அந்த அப்புறம்.

நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். வீடு வீடாக இன்டர்நெட் ஒயர் இழுப்பது என் தொழில். ஒயருக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புத்தகம் படித்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததை, எனக்கு அது எப்படித் தெரியவந்ததோ அந்த வழியிலேயே எழுதுகிறேன்.

நான் ஏழாவது படித்த வருஷம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே வரும் இதே சந்தில், இதே வீட்டில்தான் இருந்தோம். மாடியில் ஒற்றை அறை கட்டி ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்பா வாடகைக்கு விட்டிருந்தார்.

அதற்கு முன்னால் அப்பா தேரடித் தெருவில் கேசட் கடை வைத்திருந்தார். கடை என்றால் பாட்டு கேசட் விற்கிற கடை மட்டுமல்ல. காலி கேசட் கொடுத்து, இன்னின்ன பாட்டு வேண்டும் என்று சொன்னால் பதிந்து தருவார். இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றில் ஓடுவதை மற்றொன்றில் பதிவது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தப் பெட்டியின் வாயைத் துடைப்பார். பள்ளி விட்டு வந்து கடையில் உட்கார்ந்தால் மூக்கில் அந்த ஸ்பிரிட் வாசனைதான். அந்தத் தொழிலில் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. மாஸ்டர் கேசட்டை யாருக்கும் இரவல் தரக் கூடாது. ஒருமுறை ஓட்டினால் ஒரு பிடி தேயும். காப்பி எடுத்தால் காப்பியில் கொஞ்சம் இரைச்சல் சேரும். காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரிக் கேட்கும். "நாலாவது காப்பியில பாடறவன் ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது" என்பார். இது அவர் காதால் கேட்டுத் தெரிந்துகொண்ட உண்மை. கேசட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சி.டி. வந்தது, கடை போயிற்று, மாடி அறை வந்தது. அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாடியில் இருந்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். நம் ஊரில் இப்படி வந்து தங்குகிற எல்லோருமே சாமிதான். அவர் எங்களுக்கு மாடி சாமி. மற்ற சாமிகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் காதைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஏரிக்கரைத் தவளை, பேருந்து நிலையத்தில் நடத்துனர்கள் ஊர்ப் பேர் கூவுவது, அடி அண்ணாமலைப் பக்கம் கிணற்று மோட்டார் ஓடுவது, எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு வருவார். அவருடைய மைக்குக்கு ரோமத்தில் ஒரு உறை இருந்தது. சந்துப் பிள்ளைகள் அதைச் செத்த கீரிப்பிள்ளை என்றே நம்பினார்கள். "சாமி, அது கடிக்குமா?" என்று கேட்டால் அதை நீட்டிக் "கீச்" என்பார். எல்லோரும் ஓடுவோம்.

இன்டர்நெட் இணைப்பு வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்தார். பழைய உருப்படிகளைச் சேர்த்து மாமா ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தார். மாடிக்கு ஒயர் எட்டவில்லை. அதனால் படிக்குக் கீழே வைத்தார்கள். அது அப்படித்தான் அங்கே வந்தது.

அந்த வருஷம் மழை இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் அம்மாவின் ஊரில் ஏரி, ஓட்டை விழுந்த பானை மாதிரி ஆகிவிட்டது. மணிலாக்கடலை விதைத்தவர்கள் விதையைத் திரும்பப் பொறுக்க முடியாதா என்று பார்த்தார்கள். ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுப்பது என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு ஆள் வந்தது. ஏனென்றால் அந்த ஊரில் முன்பாட்டு பாடுகிறவள் அம்மாதான்.

மழைச்சோறு நீங்கள் பார்த்ததில்லை. சொல்கிறேன். ஒரு பானையை எடுத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் பாடிக்கொண்டே வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதைப் போடுவார்கள். ஒரு வீட்டில் சோறு, ஒரு வீட்டில் களி, ஒரு வீட்டில் வெறும் கூழ், ஒரு வீட்டில் பிடி கீரை. இல்லாத வீடு உப்பாவது போட வேண்டும். போட்டவளும் வாசலைச் சாத்திவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வாள். கடைசியில் ஏரிக்குள் இறங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, எல்லோருக்கும் உருண்டை உருட்டிக் கொடுப்பார்கள். ஒருத்தி சமைத்ததல்ல, எல்லோரும் சமைத்தது. ஒரு வீட்டுக்காரி சும்மா இருந்துவிட்டாலும் மழை வராது என்பது நம்பிக்கை.

மாடி சாமியும் வந்தார். கீரிப்பிள்ளையைக் குச்சியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, புழுதியில் கூட்டத்தின் பக்கத்திலேயே நடந்தார். அம்மா ஓர் அடி பாடுவாள். பெண்கள் எல்லோரும் அதையே திருப்பிப் பாடுவார்கள்.

ஏரி வறண்டு போச்சே, எங்க எருமை நாக்கும் வறண்டு போச்சே,
மேல நிக்கிற கருப்பாயி, எங்க பானைக்குள்ள எறங்கி வாயேன்.

கருப்பாயி என்றது மேகத்தை. அம்மாவின் குரல் இனிப்பான குரல் இல்லை. மர அறுவைப் பட்டறை ரம்பம் மாதிரி ஒரு கரகரப்பு அடியில் இருக்கும். ஆனால் தெரு முனையில் நின்று பாடினால் ஏரிக்கரையில் கேட்கும். சாமி கடைசியில் உருண்டையை மட்டும் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கும்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இது என் நண்பர் கேக்கலாமா? வெளிநாடு நண்பர்" என்று கேட்டார்.

"கேக்கட்டும் சாமி. மழை எல்லா ஊருக்கும்தானே வேணும்" என்றாள் அம்மா.

அப்பா அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

சாமி பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைப்பது அவருடைய பிடிவாதம். அதனால் அது மிகப் பெரிய கோப்பு. ஊர் ஊராகச் சத்தம் பிடிக்கிற அவருடைய நண்பர்களுக்கு அதை எப்படி அனுப்பினார் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

நீங்கள் போனில் பார்க்கிற படம் எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருந்து வருகிறது. கோயில் மடப்பள்ளி மாதிரி. சமைப்பது ஓரிடம், வரிசையில் நிற்பது ஊர். கூட்டம் கூடினால் வரிசை நகராது. மடப்பள்ளியைப் பூட்டிவிட்டால் எல்லோரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். சாமி செய்தது அப்படி இல்லை. மடப்பள்ளியே இல்லாத ஏற்பாடு.

முதலில் பெரிய கோப்பைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி ஓர் அடையாள எண் உண்டு. அந்தக் கைரேகைகளையெல்லாம் சேர்த்து ஒரு குட்டிக் கோப்பு. அதில் பாட்டு இருக்காது. துண்டு சரியான துண்டுதானா, யாராவது நடுவில் எதையாவது கலந்துவிட்டார்களா என்று சரிபார்க்க மட்டும் அது. யாரிடம் போய்க் கேட்பது என்று விசாரிக்கிற விலாசம் ஒன்றும் அதில் இருக்கும். அந்த விலாசத்தில் இருக்கும் கம்ப்யூட்டரிடமும் பாட்டு இருக்காது. மழைச்சோற்றுக் கூட்டத்துக்கு முன்னால் ஒருத்தி நடப்பாள். அவள் கையில் பானை இருக்காது. எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போவாள். அந்த மாதிரி.

பிறகு, வேண்டும் என்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து துண்டுகளைக் கேட்பார்கள். ஒருவருக்கு ஒரு துண்டு வந்து சேர்ந்ததுமே, அந்தத் துண்டை வேறொருவர் அவரிடம் கேட்கலாம். வாங்கிக்கொண்டிருக்கும்போதே கொடுக்கவும் வேண்டும். கொடுக்கிறவனுக்குத்தான் மற்றவர்களும் முதலில் கொடுப்பார்கள். துண்டுகள் வரிசையாகவும் வராது. எது மிகக் கம்மியான பேரிடம் இருக்கிறதோ அதைத்தான் கம்ப்யூட்டர் முதலில் கேட்கும். அந்த ஆள் எழுந்து போய்விட்டால் துண்டும் அவரோடு போய்விடுமே, அதனால்.

திரையில் ஒரு நீளப் பட்டை இருக்கும். வந்த துண்டுகள் நீலமாகவும் வராதவை வெள்ளையாகவும் தெரியும். எங்களுடைய பட்டை முழு நீலம். அதன் கீழே நான்கு பேருடைய பட்டைகள் வேலிக்கால் நட்ட மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலமாகிக்கொண்டே வந்தன. பள்ளி விட்டு வந்ததும் அதைப் பார்ப்பேன். நம் ஊர்த் தொலைபேசிக் கம்பியில் உள்ளே வருவது வேகம், வெளியே போவது ஆமை. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை நகரும்.

சாமியின் விசா முடிந்தது. பதிவின் இன்னொரு பிரதி இருந்த தன் மடிக்கணினியை மூட்டை கட்டினார். போகும்போது மாமாவிடம், ஒரே ஒருவருக்காவது முழுதாகப் போய்ச் சேருகிற வரைக்கும் கீழே இருப்பதை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒரு பென்சில் டார்ச் கொடுத்தார். அது எங்கேயோ தொலைந்துவிட்டது.

அவர் போன சில நாளில் அப்பா திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார். மாமாவுக்கு ஆள் அனுப்பினார்.

"இன்னாடா மச்சான் இது, மேல பாத்து ஓர் அம்புக்குறி ஓடிகினே இருக்குது?"

"நம்மகிட்டருந்து வெளிய போறது மாமா" என்றார் மாமா.

"நம்மகிட்டருந்து இன்னா போவுது?"

"அக்கா பாட்டு."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "யாருக்கு?"

"நாலு பேரு கேக்குறாங்க. எல்லாம் சாமியோட சேக்காளிங்க. ஒருத்தன் ஜப்பான்காரன்."

"ஜப்பான்காரனுக்கு கீழ்பென்னாத்தூர் மழை எதுக்குடா?"

"அது அவனைத்தான் கேக்கணும்."

"கேளு. கேட்டுச் சொல்லு. அதுவரிக்கும் நிறுத்து."

மாமா சிரித்துக்கொண்டே, "போனா நம்மகிட்ட கம்மி ஆவாது மாமா" என்றார்.

"பத்து வருஷம் காப்பி போட்டவன்டா நானு. எனக்கே சொல்றியா? ஆளாளுக்கு இழுத்தா மாஸ்டர் இன்னாத்துக்கு ஆவும்?"

"இது டேப்பு இல்ல மாமா. நம்பரு. நம்பர் எங்கனா தேயுமா? அவங்ககிட்ட போறதும் இதுவும் ஒண்ணுதான். மாஸ்டரும் இல்ல, காப்பியும் இல்ல."

"தேயாததுன்னு ஒலகத்துல ஒண்ணு இருக்குதா? நாளைக்கு இவ குரலை சி.டி. போட்டு பஸ் ஸ்டாண்டுல விப்பான். பீடா கடையில ஓடும். ஊர் பேர் தெரியாதவன்லாம் உங்க அக்கா பாட்டைக் கேப்பான். உனக்கு சம்மதமா?"

அதற்குச் சமையலறையில் இருந்து அம்மாதான் பேசினாள். வெளியே வரவில்லை, கரண்டிச் சத்தமும் நிற்கவில்லை.

"மழைச்சோறு எடுக்கப் போறப்ப, எங்க வீட்டுச் சோறு தேஞ்சிடும்னு ஒருத்தி கதவைச் சாத்திகினா பானை ரொம்புமா? நான் போடச் சொன்னேன், சாமி போட்டாரு."

"அது சோறு. இது குரலு" என்றார் அப்பா.

"சோறாவது கொடுத்தா நம்ம சட்டியில கொறையும். இது கொறையலன்னு தம்பி சொல்றானே."

"அவன் சொல்லுவான். போற வரிக்கும் சொல்லுவான், போன பின்னால சாரி மாமான்னுவான்."

அப்பா எழுந்து போய்ச் சுவரில் இருந்த தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினார். கேசட்டிலிருந்து சரிந்த நாடாவைச் சுற்றுவது போலவே அதை இரண்டு விரலில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். மாமா ஒரு சி.டி.யிலாவது எழுதி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "ஒரிஜினல் வீட்டுல இருக்கும்போது காப்பி எதுக்கு?" என்றார். திரையில் நான்கு பட்டைகளும் மறைந்தன. அவற்றில் முக்கால்வாசிக்கு மேல் நீலமாகியிருந்தது.

அப்பாவை முரடர் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டை அவர் போட்டுக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒருமுறை. முழுதாகக் கேட்கவில்லை. தேய்ந்துவிடும் என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. நன்றாகவே வந்தது. அம்மாவின் ஊரில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போயிற்று. மாடிக்குப் புதிதாக வந்த ஒரு தம்பதிக்கு இன்டர்நெட் வேண்டியிருந்ததால் அப்பா கம்பியைத் திரும்ப மாட்டியிருந்தார், பாட்டு மட்டும் வெளியே போகாதபடி மாமாவை விட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு. ஒரு மத்தியானம் மலை மேல் இடி இறங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக வந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. படிக்குக் கீழே ஒரு வெடிச் சத்தம். அதன்பின் கருகிய வெங்காயம் மாதிரி ஒரு நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

மாமா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற வட்டும் போய்விட்டது என்றார்.

"பாட்டு?" என்றார் அப்பா.

"அதுலதான மாமா இருந்துச்சி."

"சாமிக்கு எழுதினா குடுப்பாரு" என்றார் அப்பா. மாமா எழுதினார். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று கடிதம் திரும்பி வந்துவிட்டது. சாமி எந்த ஊரில் இருந்தார், இருந்தாரா என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வீட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பாடுகிறவள் வீட்டிலேயே இருக்கிறாள், பதிவு போனால் என்ன?

அம்மாவின் கழுத்தில் ஒரு வீக்கம் இருந்தது. வெகு நாளாகவே இருந்ததுதான். அடுத்த பொங்கலுக்குப் பிறகு வெளியூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்தது, கட்டியை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். எடுத்தார்கள். உயிர் இருந்தது. நீங்கள் ஆயா என்று கூப்பிடுகிற என் அம்மா காற்று மாதிரிப் பேசுவதைக் கேட்டு, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. சாப்பிடக் கூப்பிட டம்ளரைக் கரண்டியால் தட்டுகிற பழக்கம் அப்போது வந்தது. எனக்கு இரண்டு தட்டு, அப்பாவுக்கு நீளமாக ஒரு தட்டு.

கோடை முடிகிற சமயம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரசம் ஊற்றிவிட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "சாமி புடிச்சாரே, அது எங்கனா கெடைக்குமா? ஒரு வாட்டி கேக்கணும்" என்றாள்.

அம்மா அதற்கு முன் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா சாப்பாட்டை முடித்தார். கை கழுவினார். சட்டையைப் போட்டுக்கொண்டு மாமாவின் கடைக்கு நடந்தே போனார். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாராம். "தண்ணி குடிக்கிறீங்களா மாமா?" என்று கேட்டதற்கு, "அது வரவைக்க முடியுமாடா?" என்றாராம்.

மாமா அன்று சாயங்காலமே வேறொரு பழைய கம்ப்யூட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பாட்டு அவரிடம் இல்லை. ஆனால் அந்தக் குட்டிக் கோப்பு, கைரேகைகள் மட்டும் இருப்பது, கடையில் ஒரு வட்டில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்துக் கேட்கலாம். நாங்கள் நான்கு பேரும் படிக்குக் கீழே குனிந்து நின்றோம். எங்கள் பட்டை முழு வெள்ளை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெயர் வந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் நான்கும்.

மாமா கத்தியே விட்டார். "இன்னும் நிக்குறாங்க மாமா! நீங்க ஒயரைப் புடுங்கின நாள்லருந்து வாசல்லயே நிக்குறாங்க!"

"நிக்குறவன் குடுப்பானா?" என்றார் அப்பா.

கொடுத்தார்கள். எங்களிடம் திருப்பிக் கொடுக்க ஒரு துண்டும் இல்லாதபோதே கொடுத்தார்கள். புதிதாக வருகிறவனுக்கு முதல் துண்டைச் சும்மா தர வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் வழக்கம் என்று மாமா சொன்னார். உள்ளே வருவது வேகம் என்று சொன்னேனே. மறுநாள் நான் பள்ளி விட்டு வருவதற்குள் பட்டை பெரும்பாலும் நீலமாகிவிட்டது. அதன்பின் நகரவில்லை. அன்றும் நகரவில்லை, அடுத்த நாளும் நகரவில்லை. ஐந்து பட்டைகளிலும் வெள்ளைக் கோடுகள் ஒரே இடத்தில் நின்றன.

"ஏன்டா நிக்குது?" என்றார் அப்பா.

மாமா சொல்லத் தயங்கினார். "அவங்ககிட்டயும் அவ்ளோதான் இருக்குது மாமா. நாலு பேரும் ஒருத்தன்கிட்டருந்து ஒருத்தன் வாங்கி, இருக்கிறதை எல்லாம் பங்கு போட்டுகினாங்க. மீதிக்குத்தான் காத்துகினு இருக்குறாங்க."

"மீதி யார்கிட்ட?"

"நம்மகிட்டதான் இருந்துச்சி மாமா. நாம அன்னிக்கு எவ்ளோ வெளிய விட்டோமோ, அவ்ளோதான் இப்ப ஒலகத்துல இருக்குது."

அப்பா திரையில் தூசி இருப்பது போல விரலால் துடைத்தார். அந்தக் கோடுகள் போகவில்லை.

இருப்பதையாவது போட்டுக் கேட்போம் என்றாள் அம்மா. வராத துண்டின் இடத்தைக் கம்ப்யூட்டர் காலியாக விட்டுவைக்கும். அந்த இடம் வந்தால் சத்தம் இருக்காது. மாமா போட்டார். முதலில் புழுதியில் நடக்கிற கால்கள். நாய் ஒன்று. பானையில் யாரோ எதையோ போடுகிற சத்தம். பிறகு அம்மாவின் பழைய குரல், அந்த ரம்பம். ஏரி வறண்டு போச்சே. பெண்கள் திருப்பிப் பாடினார்கள். எருமை நாக்கும். திருப்பிப் பாடினார்கள். மேல நிக்கிற கருப்பாயி. திருப்பிப் பாடினார்கள்.

அப்புறம் ஒன்றுமில்லை. அம்மாவின் அடி வர வேண்டிய இடத்தில் வெறுமை. அந்த வெறுமைக்குப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பதில் பாடினார்கள். எங்க பானைக்குள்ள எறங்கி வாயேன்.

பாட்டில் அந்த அடி பலமுறை திரும்பி வரும். சில தடவை அம்மா இருந்தாள், சில தடவை இல்லை. இரண்டாவது முறை அந்த வெறுமை வந்தபோது எனக்குப் பின்னால் ஒரு காற்றுச் சத்தம் கேட்டது. அம்மா, இப்போதைய அம்மா, ஒலிபெருக்கிக்கு முன்னால் குனிந்து, "எங்க பானைக்குள்ள எறங்கி வாயேன்" என்றாள். பாடவில்லை. ஊதினாள். அதற்குப் பெண்கள் எல்லோரும் உரக்கப் பதில் பாடினார்கள்.

அம்மா சிரித்துவிட்டாள். "பாரு, கேட்டுகினாளுங்க" என்றாள். பதிவு முடிகிற வரைக்கும் தான் இல்லாத இடங்களிலெல்லாம் அப்படியே செய்தாள். அப்பா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை.

மாமா கிளம்பும்போது கம்ப்யூட்டரை அணைக்கப் போனார். "இருக்கட்டும்" என்றார் அப்பா. "சாமிகிட்ட முழுசா இருக்குமில்ல?"

"இருக்கும். என்னிக்கனா அவரு போட்டாருன்னா, அந்த நேரத்துல நம்ம மிஷினு முழிச்சிகினு இருந்தா, ஓட்டை தானா ரொம்பிக்கும்."

"நம்மளுக்கு மட்டுமா?"

"அஞ்சு பேருக்கும்தான் மாமா."

அதுதான் காரணம். பிறகு ஊரெல்லாம் கரண்ட் நின்று நின்று வந்த வருஷங்கள் இருந்தன. வந்ததும் மற்றவர்கள் ஃபேனைப் போடுவார்கள். அப்பா படிக்குக் கீழே போவார். அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகி வேறு வந்தது, அதுவும் போய் வேறு வந்தது. பாட்டைத் துண்டு சிந்தாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றினோம். அப்பாவே அதைக் காப்பி எடுத்துப் பெரியம்மா வீட்டுக்கும் அம்மாவின் ஊருக்கும் கொடுத்தார். ஓட்டையோடுதான். அவர் நினைத்த மாதிரி பீடா கடையில் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் சும்மா இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சாமியின் பெயர் வரவே இல்லை. அவருடைய நண்பர்களை விசாரிக்கலாம் என்றால் திரையில் பெயர்தான் தெரியும், பேச வழி இல்லை. நான்கு பேர் மூன்றானார்கள். பிறகு இரண்டு. கடைசியில் அந்த ஜப்பான்காரர் மட்டும். அப்பா காலையில் பல் விளக்கிவிட்டு வந்து, எதிர்வீட்டுக்காரரை விசாரிக்கிற மாதிரி என்னைக் கேட்பார்: "ஜப்பான்காரன் இருக்கானா பாரு." நான் எட்டிப் பார்த்து, "இருக்கான்பா" என்பேன். அதன்பிறகுதான் காபி குடிப்பார். அந்த மனிதரின் முகமோ வயதோ எங்களுக்குத் தெரியாது. கீழ்பென்னாத்தூர் மழை அவருக்கு எதற்கு என்பதும் இன்றுவரை தெரியாது.

கரண்ட் இருந்தும் அந்தக் கம்ப்யூட்டர் ஒரே ஒரு நாள்தான் அணைந்திருந்தது. அப்பா இறந்த நாள். பெரியவள் அப்போது நடக்க ஆரம்பித்திருந்தாள், சின்னவன் பிறக்கவில்லை. உடம்பை வைக்கிற குளிர்ப்பெட்டி வந்தபோது கூடத்தில் வேறு பிளக் இல்லை. யாரோ ஒரு சொந்தக்காரர் படிக்குக் கீழே கையை விட்டு, இருந்ததைப் பிடுங்கிப் பெட்டியின் ஒயரைச் செருகினார். அவருக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் அப்பா படுத்திருந்த பெட்டிதான் உறுமிக்கொண்டிருந்தது, வேறு சத்தம் இல்லை.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உள்ளே வந்தபோது குளிர்ப்பெட்டியை வண்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கூடத்தைக் கழுவியிருந்தார்கள். அம்மா பின் அறையில் படுத்திருந்தாள். உறவுக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் படிக்குக் கீழே குனிந்து போனேன். பிளக் ஈரத் தரையில் கிடந்தது. வேட்டி முனையில் துடைத்துச் செருகினேன். கம்ப்யூட்டருக்குள் இருந்த மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. திரை வந்தது. எங்கள் பட்டை வந்தது, அதே வெள்ளைக் கோடுகளோடு. அதற்குக் கீழே கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு பெயர் வந்தது.

"இருக்கான்பா" என்றேன்.